தொழிற்சாலை சைடிங்குகளில் சரக்குப் பெட்டிகளை மாற்றுதல்

முதன்மை ரயில் தடத்திலிருந்து பிரிந்து ஒரு தொழிற்சாலைக்கோ, தானியக் கிடங்குக்கோ, வேதிப்பொருள் ஆலைக்கோ செல்லும் தனித் தண்டவாளம் சைடிங் எனப்படும். சரக்கு ஏற்றிய பெட்டிகளை அந்தத் தடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதும், வேலை முடிந்த பெட்டிகளை வெளியே இழுத்து ரயிலோடு சேர்ப்பதும் பெட்டி மாற்றும் பணி ஆகும். இந்திய ரயில்வேயில் இதற்கு ஷண்டிங் என்று பெயர். அமெரிக்காவிலும் கனடாவிலும் சுவிட்சிங் என்பர்.

இந்தியாவில் இன்று பெரும்பாலான சரக்கு முழு ரேக்குகளாகவே செல்கிறது. அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் ரயிலில் எல்லாப் பெட்டிகளும் ஒரே இடத்துக்கு உரியவை. வட அமெரிக்காவிலும் அத்தகைய ரயில்கள் உண்டு. ஆனால் ஓர் ஆலைக்கு இரண்டு பெட்டி, அடுத்த கிடங்குக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் முறையும் அங்கே இன்றுவரை நடைமுறையில் உள்ளது. பெட்டி மாற்றும் கலையை முழுமையாகக் காணக்கூடிய இடம் அதுவே என்பதால், இக்கட்டுரை வட அமெரிக்க நடைமுறையையே விளக்குகிறது.

பணிக்குழு

இந்தப் பணியைச் செய்யும் சிறு சரக்கு ரயிலை அங்கே லோக்கல் என்பர். சென்னைவாசிகளுக்கு லோக்கல் என்றதும் புறநகர்ப் பயணிகள் ரயில் நினைவுக்கு வரும், இது வேறு. ஒரு யார்டிலிருந்து கிளம்பி, வழியிலுள்ள சைடிங்குகளில் பெட்டிகளை விட்டும் எடுத்தும் சென்று, பெரும்பாலும் அதே யார்டுக்குத் திரும்பும் ரயில் இது.

ஒரு காலத்தில் ஒரு சரக்கு ரயிலில் ஐந்து பேர் வரை இருந்தனர். இன்று பெரும்பாலும் இருவரே. இன்ஜினை ஓட்டுபவருக்கு அங்கே இன்ஜினியர் என்று பெயர். பொறியியல் படித்தவர் என்று பொருள் கொள்ளக்கூடாது. மற்றவர் கண்டக்டர். இவர் பயணச்சீட்டு கொடுப்பவர் அல்லர், ரயிலுக்குப் பொறுப்பாளர். எந்தப் பெட்டி எங்கே போக வேண்டும் என்ற பட்டியல் இவர் கையில் இருக்கும். தரையில் இறங்கிப் பாயிண்டைத் திருப்புவது, பெட்டிகளைக் கழற்றுவது, காற்றுக் குழாய்களை மாட்டுவது, கை பிரேக் முறுக்குவது எல்லாம் இவர் வேலை. வேலை மிகுந்த வழித்தடங்களில் உதவிக்கு ஒரு பிரேக்மேனும் வருவார். முழுச் சரக்கு ஏற்றிய நான்கு அச்சுப் பெட்டி ஒன்று 2,86,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 130 டன் வரை எடை இருக்கலாம். மழையானாலும் பனியானாலும், பெரும்பாலும் இரவில், இத்தகைய பெட்டிகளுக்கு இடையே நடமாடுவதே கண்டக்டரின் அன்றாடம்.

பாயிண்ட் பார்க்கும் திசை

இரண்டு தடங்கள் பிரியும் இடத்தில், ரயிலை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்பிவிடும் நகரும் தண்டவாள அமைப்பே பாயிண்ட். சைடிங் பாயிண்டுகளில் பெரும்பாலானவை கையால் நெம்புகோலைத் தள்ளித் திருப்பப்படுபவை, பூட்டும் இருக்கும். ரயில் செல்லும் திசையில் பார்த்தால் தடம் இரண்டாகப் பிரிவது ஃபேசிங் பாயிண்ட். இரண்டு தடங்கள் ஒன்றாகச் சேர்வது டிரெய்லிங் பாயிண்ட். ஒரே பாயிண்ட்தான், போகும்போது ஃபேசிங் என்றால் திரும்பும்போது டிரெய்லிங். பணியின் பாதிச் சிக்கல் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

முதலில் எளிதானதைப் பார்ப்போம். ஒரு ரயில் கிழக்கு நோக்கிச் செல்கிறது. முன்னால் இன்ஜின், அதற்கு அடுத்து ஆலைக்கு உரிய சரக்குப் பெட்டி, அதை 'க' என்போம், அதன் பின்னால் மற்றப் பெட்டிகள். சைடிங், பாயிண்டிலிருந்து பின்புறமாக, அதாவது மேற்கு நோக்கிப் பிரிகிறது. சைடிங்கில் ஒரு காலிப் பெட்டி நிற்கிறது, அது 'ச'. 'க'வை உள்ளே வைக்க வேண்டும், 'ச'வை வெளியே எடுக்க வேண்டும்.

ரயில் பாயிண்டை நெருங்கியதும் நிற்கிறது. கண்டக்டர் பின்பகுதிப் பெட்டிகளுக்குக் கை பிரேக் போட்டு, 'க'வுக்குப் பின்னால் கழற்றிவிடுகிறார். இன்ஜின் 'க'வை மட்டும் இழுத்துக்கொண்டு பாயிண்டைத் தாண்டிக் கிழக்கே போகிறது. பாயிண்ட் திருப்பப்படுகிறது. இன்ஜின் பின்னோக்கித் தள்ள, 'க' சைடிங்குக்குள் போய் 'ச'வோடு இணைகிறது. இரண்டையும் வெளியே இழுத்து, பாயிண்டை முதன்மைத் தடத்துக்கு மாற்றி, மீண்டும் பின்னோக்கித் தள்ளினால் 'ச' பின்பகுதிப் பெட்டிகளோடு சேர்கிறது. 'ச'வை அங்கேயே கழற்றிவிட்டு, 'க'வோடு முன்னால் போய், மறுபடி பாயிண்டைத் திருப்பி, 'க'வைச் சைடிங்கில் தள்ளி, கை பிரேக் போட்டுக் கழற்றுகிறார்கள். இன்ஜின் தனியாக வெளியே வந்து, பாயிண்ட் பழைய நிலைக்குத் திரும்பிய பின், தன் ரயிலோடு மீண்டும் சேர்கிறது. இரண்டு பெட்டிகளை இடம் மாற்ற இன்ஜின் முன்னும் பின்னுமாக இத்தனை முறை நகர வேண்டும். பாயிண்டை நான்கு முறை திருப்ப வேண்டும். மாணவர்கள் ஒரு தாளில் இரண்டு கோடுகள் வரைந்து, தீப்பெட்டிகளை நகர்த்திப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

அதே சைடிங் முன்புறமாக, கிழக்கு நோக்கிப் பிரிந்தால் கதை மாறுகிறது. இன்ஜின் நேராக உள்ளே நுழைந்தால் 'க' அதன் பின்னால் அல்லவா இருக்கும்? 'க'வை உள்ளே விட்டால், தடத்தின் முடிவுக்கும் 'க'வுக்கும் இடையே இன்ஜின் சிறைப்பட்டுவிடும். எனவே இரு முனையும் திறந்த ஓர் இணைத்தடம் அருகில் இருக்க வேண்டும். அங்கே 'க'வை நிறுத்தி, இன்ஜின் பக்கத்துத் தடம் வழியாகச் சுற்றி வந்து, 'க'வின் மறுமுனையைப் பிடித்து, அதை முன்னால் தள்ளிக்கொண்டு சைடிங்குக்குள் செல்கிறது. இதை ரன்-அரவுண்ட் என்பர். நேரம் பிடிக்கும் வேலை. அதனால் அனுபவமுள்ள குழுவினர், போகும்போது ஃபேசிங்காக உள்ள ஆலைகளை விட்டுவிட்டு, திரும்பி வரும்போது அவை டிரெய்லிங் ஆனதும் முடித்துக்கொள்வார்கள். யார்டிலேயே பெட்டிகளை எந்த வரிசையில் கோத்தால் வழியில் குறைவாக நகர்த்தலாம் என்று யோசிப்பதும் இதற்காகவே.

இதற்கு ஒரு குறுக்குவழியும் இருந்தது. இன்ஜின் பெட்டியை இழுத்தபடி பாயிண்டை நோக்கி ஓடும். ஓட்டத்திலேயே பெட்டியைக் கழற்றிவிட்டு, இன்ஜின் மட்டும் வேகமெடுத்து முன்னால் போய்விடும். இன்ஜின் கடந்த கணத்தில் ஒருவர் பாயிண்டைத் திருப்ப, பின்னால் உருண்டு வரும் பெட்டி சைடிங்குக்குள் புகும். பறக்கும் சுவிட்ச் என்று இதற்குப் பெயர். ஒரு நொடி பிசகினால் பெட்டி தடம் புரளும், அல்லது இன்ஜினை இடிக்கும். பல ரயில் நிறுவனங்கள் இதைத் தடை செய்துள்ளன. நியாயமான தடைதான்.

இணைப்பும் விரல்களும்

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பெட்டிகளை இணைத்தவை ஒரு வளையமும் ஒரு ஆணியும். இரண்டு பெட்டிகள் நெருங்கி வரும்போது ஒருவர் நடுவே நின்று, வளையத்தைத் துளையில் நுழைத்து ஆணியைச் செருக வேண்டும். கையை எடுக்கத் தாமதித்தால் விரல் போகும். சில நேரம் உயிரும் போகும். விரல் இழந்த பிரேக்மேன்கள் அன்று சாதாரணக் காட்சி. எலி ஜேனி என்பவர் துணிக்கடை எழுத்தராக வேலை பார்த்தவர். 1873இல் அவர் காப்புரிமை பெற்ற இணைப்பான், இரண்டு கைகளின் விரல்களை மடித்து ஒன்றோடொன்று கோத்தது போன்ற அமைப்புடையது. பெட்டிகள் மோதியதும் தானாகவே பூட்டிக்கொள்ளும். கழற்றுவதற்குப் பெட்டியின் ஓரத்தில் உள்ள நெம்புகோலைத் தூக்கினால் போதும், நடுவே போக வேண்டியதில்லை. கருவி வந்தும் ரயில் நிறுவனங்கள் செலவுக்குத் தயங்கின. 1893 மார்ச் 2 அன்று அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் கையெழுத்திட்ட பாதுகாப்புக் கருவிகள் சட்டமே தானியங்கி இணைப்பானையும் காற்று பிரேக்கையும் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகும் அவகாசம் கேட்டு 1900 வரை நீட்டித்தார்கள்.

ஆனாலும் பெட்டிகளுக்கு நடுவே போகும் தேவை முழுதாக ஒழியவில்லை. இணைப்பானின் கொக்கி மூடிக்கிடந்தால் கையால் திறக்க வேண்டும். இரண்டும் நேர்க்கோட்டில் இல்லாவிட்டால் தள்ளிச் சரிசெய்ய வேண்டும். காற்றுக் குழாய்களைக் கையால்தான் மாட்ட வேண்டும். எனவே நடுவே போகுமுன் கண்டக்டர் வானொலியில் ஓட்டுநரிடம் பாதுகாப்புக் கேட்பார். ஓட்டுநர் பிரேக்கைப் போட்டு, திசை நெம்புகோலை நடுநிலைக்குக் கொண்டுவந்து, பல நிறுவனங்களில் மோட்டார்களுக்கு மின்சாரம் போகாதபடி ஜெனரேட்டர் சுவிட்சையும் அணைத்து, செய்துவிட்டதாகப் பதில் சொல்வார். பதில் காதில் விழுந்த பிறகே கண்டக்டர் உள்ளே கால் வைக்க வேண்டும். வெளியே வந்துவிட்டதாக அவரே சொல்லும்வரை ஓட்டுநர் எதையும் தொடக்கூடாது. பெட்டி மாற்றும் பணியில் நேர்ந்த மரணங்களை ஆராய 1998இல் அமைக்கப்பட்ட கூட்டுக் குழு, அடுத்த ஆண்டு தந்த ஐந்து பரிந்துரைகளில் முதலாவது இதைப் பற்றியதே.

இணைக்கும் வேகம் மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக்கூடாது என்பது பொது வழக்கம். அது விரைந்து நடக்கும் மனிதரின் வேகம். மோதிய பிறகு இன்ஜினைச் சற்று எதிர்ப்பக்கம் இழுத்துப் பார்ப்பார்கள். பெட்டியும் கூடவே வந்தால்தான் பூட்டு விழுந்திருக்கிறது என்று பொருள்.

கண்ணில்லாமல் தள்ளுதல்

இழுக்கும்போது ஓட்டுநர் முன்னால் இருக்கிறார்; தடம் தெரியும். தள்ளும்போது அவருக்கும் தடத்துக்கும் நடுவே பத்துப் பெட்டிகள் இருக்கலாம். அப்போது அவருடைய கண் கண்டக்டர்தான். கண்டக்டர் முன்முனையில் ஏணியைப் பிடித்து நின்றோ, தரையில் நடந்தோ, எஞ்சியுள்ள தூரத்தை வானொலியில் சொல்லிக்கொண்டே வருவார். அளவு மீட்டரோ அடியோ அல்ல, பெட்டிகள். ஒரு பெட்டி என்றால் சுமார் 50 அடி, அதாவது 15 மீட்டர். "பத்து... ஐந்து... மூன்று... இரண்டு... ஒன்று... அரை... நிறுத்து" என்று எண்ணிக்கை இறங்கும்.

கூட்டாட்சி விதி இங்கே ஒரு நல்ல காப்பு வைத்திருக்கிறது. சொன்ன தூரத்தில் பாதி கடக்கும் முன் அடுத்த சொல் வராவிட்டால் ஓட்டுநர் நின்றுவிட வேண்டும். பத்துப் பெட்டி என்று கேட்டவர், ஐந்து பெட்டித் தூரம் போவதற்குள் வேறு குரல் கேட்கவில்லை என்றால் நிறுத்தியாக வேண்டும். வானொலி பழுதாகியிருக்கலாம், கண்டக்டர் கீழே விழுந்தும் இருக்கலாம். மௌனத்தையே ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளும் விதி இது. வானொலி இல்லாத இடத்தில் விளக்குச் சைகை: தடத்துக்குக் குறுக்கே ஆட்டினால் நில், மேலும் கீழும் உயர்த்தித் தாழ்த்தினால் முன்னே போ, வட்டமாகச் சுழற்றினால் பின்னே வா.

ஏணியில் நின்று வருபவருக்குக் கட்டடங்களே எமன். பழைய ஆலைகளில் சுவர், கதவுச் சட்டம், சரக்கு மேடை எல்லாம் தடத்தை ஒட்டியே இருக்கும். பெட்டி நுழையும், பக்கவாட்டில் தொங்கும் மனிதர் நுழைய இடமிருக்காது. அத்தகைய இடங்களில் எச்சரிக்கைப் பலகை இருக்கும். கண்டக்டர் முன்பே இறங்கிவிட வேண்டும்.

ஆலைக்குள்

ஆலையின் வாயிலில் பல இடங்களில் டிரெய்ல் எனப்படும் தடம்புரட்டி இருக்கும். உள்ளே நிற்கும் பெட்டி தானாக உருண்டு முதன்மைத் தடத்துக்குப் போகுமானால், அதைத் தடத்திலிருந்து இறக்கிவிடும் இரும்புத் துண்டு அது. பெட்டியைக் கவிழ்ப்பதற்கென்றே ஒரு கருவியா என்று வியப்பாக இருக்கலாம். ஓடும் பயணிகள் ரயிலின் முன்னே ஒரு பெட்டி உருண்டு போவதைவிட இது மேல். பெட்டி மாற்றுமுன் இதை அகற்றி, முடிந்ததும் மீண்டும் வைக்க வேண்டும்.

நீல நிறக் கொடியோ விளக்கோ தடத்தில் இருந்தால், பெட்டிகளில் யாரோ வேலை செய்கிறார்கள் என்று பொருள். அந்தப் பெட்டிகளை நகர்த்தக்கூடாது. அவற்றோடு வேறு பெட்டியை இணைக்கவும் கூடாது. வைத்தவர்கள்தான் அதை எடுக்க வேண்டும். கொடி இல்லாவிட்டாலும் கண்டக்டர் நடந்துபோய்ப் பார்ப்பார். பெட்டிக்குள் ஃபோர்க்லிஃப்ட் நின்றுகொண்டிருக்கலாம். மேடைக்கும் பெட்டிக்கும் நடுவே பாலத்தகடு கிடக்கலாம். டேங்கர் பெட்டியில் குழாய் மாட்டியபடியே இருக்கலாம். அதன் பிறகு பெட்டியைக் குறித்த இடத்தில் நிறுத்துவது. தானியப் பெட்டியின் அடிவாய் குழிக்கு நேராகவும், மூடு பெட்டியின் கதவு மேடைக்கு நேராகவும் வர வேண்டும். ஓரிரு அடி தவறினாலும் மறுபடி நகர்த்தச் சொல்வார்கள். பெரிய ஆலைகள் இதற்காகச் சொந்தமாகச் சிறு இன்ஜின் வைத்திருப்பதும் உண்டு.

நிறுத்திய பெட்டிக்குக் கை பிரேக் கட்டாயம். காற்று பிரேக்கும் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் இன்ஜின் போனபின் சிலிண்டரில் உள்ள காற்று மெல்லக் கசிந்துவிடும். கை பிரேக் ஒரு சக்கரத்தைச் சுழற்றிச் சங்கிலியால் இறுக்குவது, காற்றை நம்பியிருப்பதன்று. போதுமான கை பிரேக் போட்டிருக்கிறதா என்று சோதிப்பதற்கு, காற்று பிரேக்கை விடுவித்துவிட்டுப் பெட்டிகள் நகர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 2013 ஜூலை 6 அன்று கனடாவின் லாக்-மெகான்டிக் நகரில் 47 பேர் இறந்த விபத்தில் இந்தச் சோதனை முறையாக நடக்கவில்லை. அங்கே ரயில் நின்றது சைடிங்கில் அல்ல, முதன்மைத் தடத்தில். கச்சா எண்ணெய் ஏற்றிய 72 டேங்கர்களுடன் நின்ற அந்த ரயிலுக்கு ஏழு கை பிரேக்குகளே போடப்பட்டிருந்தன. சோதித்தபோது இன்ஜினின் காற்று பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது. பின்னர் இன்ஜின் அணைக்கப்பட்டு, காற்று கசிந்து, ரயில் சரிவில் உருண்டது.

கிரானிட்வில், 2005

சைடிங் வேலையில் கடைசியாகச் செய்ய வேண்டியது, பாயிண்டை முதன்மைத் தடத்துக்குத் திருப்பிப் பூட்டுவது. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் கிரானிட்வில் என்ற ஊரில் ஒரு நூற்பு-நெசவாலை இருந்தது. 2005 ஜனவரி 5 மாலை ஒரு லோக்கல் ரயிலின் குழு, தன் ரயிலை ஆலைத் தடத்தில் நிறுத்தியது. சட்டப்படி பணியில் இருக்கக்கூடிய நேரம் முடியும் தறுவாயில் இருந்ததால், குழுவினர் வாடகைக் காரில் கிளம்பிவிட்டனர். பாயிண்ட் ஆலைத் தடத்தை நோக்கியே இருந்தது.

அந்தப் பகுதியில் சிக்னல் விளக்குகள் கிடையாது. முதன்மைத் தடம் காலி என்று கட்டுப்பாட்டாளர் தரும் அனுமதியின் பேரிலேயே ரயில்கள் ஓடின. பாயிண்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்ல, அதன் அருகே நின்ற அடையாளப் பலகை ஒன்றுதான். ஜனவரி 6 அதிகாலை சுமார் 2:40 மணிக்கு 42 பெட்டிகளுடன் ஒரு சரக்கு ரயில் மணிக்கு ஏறத்தாழ 47 மைல் வேகத்தில் வந்தது. பலகையைக் கண்ட ஓட்டுநர் அவசர பிரேக்கைப் போட்டார். நிற்கத் தூரம் போதவில்லை. ரயில் ஆலைத் தடத்துக்குள் பாய்ந்து, நின்றிருந்த லோக்கலை மோதியது. குளோரின் ஏற்றிய டேங்கர் ஒன்று கிழிந்தது. இரவுப் பணியில் ஆலைக்குள் இருந்த தொழிலாளர்கள் மீதும் ஊர் மீதும் வாயு படர்ந்தது. ஓட்டுநர் உட்பட 9 பேர் நச்சுக்காற்றால் இறந்தனர். சுற்றிலும் ஒரு மைல் எல்லைக்குள் இருந்த சுமார் 5,400 பேர் வெளியேற்றப்பட்டனர். குளோரினால் இயந்திரங்கள் அரிக்கப்பட்ட ஆலை 2006இல் மூடப்பட்டது. விபத்தில் பிழைத்தவர்கள் வேலையையும் இழந்தார்கள்.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், லோக்கல் குழு பாயிண்டைத் திருப்பாததே காரணம் என்றது. அதோடு நிற்காமல், திருப்பும்படி நினைவூட்டும் எந்த ஏற்பாடும் அங்கே இல்லாததையும் குறிப்பிட்டது. அறிக்கையின் சிறப்பே இந்த இரண்டாவது வரி என்று சொல்லலாம். நேரமாகிவிட்ட, களைத்துப்போன மனிதர்கள் மறப்பது புதிதன்று. மறதியைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லாமல் விட்டது நிர்வாகத்தின் பிழை.

அதே ஆண்டு அக்டோபரில் கூட்டாட்சி ரயில் நிர்வாகம் அவசர ஆணை பிறப்பித்தது. கையால் திருப்பும் பாயிண்டுகள் பற்றிய அதன் கருத்துகள் 2008இல் நிரந்தர விதிகளில் இடம்பெற்றன. வேலை தொடங்குமுன் குழுவினர் பேசிக்கொள்ள வேண்டும். முடிந்ததும் எந்தப் பாயிண்ட் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒருவருக்கொருவர் உறுதி செய்ய வேண்டும். சிக்னல் இல்லாத தடத்தில் பாயிண்ட் திரும்பப் பூட்டப்பட்டது என்று உறுதியான பிறகே, தடத்தைவிட்டு விலகிவிட்டதாகக் கட்டுப்பாட்டாளருக்குச் சொல்ல வேண்டும். 2008 அக்டோபரில் வந்த சட்டம், ரயிலைத் தானாகவே நிறுத்தும் மின்னணுக் கட்டுப்பாட்டை முக்கிய வழித்தடங்களில் கட்டாயமாக்கியது. தவறான நிலையில் உள்ள பாயிண்டுக்குள் ரயில் நுழைவதைத் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 2020 இறுதிக்குள் அது உரிய தடங்களில் எல்லாம் நிறுவப்பட்டது. சிறு கிளைத் தடங்கள் பலவற்றிலும் ஆலை வளாகங்களுக்குள்ளும் அது இல்லை. அங்கே கண்டக்டர் இன்றும் நெம்புகோலைத் தள்ளி, பூட்டை மாட்டி, இழுத்துப் பார்த்து, வானொலியில் ஓட்டுநருக்குச் சொல்கிறார். ஓட்டுநர் அதைத் திருப்பிச் சொல்கிறார்.